கருவிப் பிழை

சிவப்பு விளக்கு விழுந்ததும் பரிசோதகர் காரை நிறுத்தி, கார் செட்டில் பாஸை, அதாவது அடிச்சத்தத்தை, இரண்டு புள்ளி கூட்டினார். பதிவில் பேசிக்கொண்டிருந்த அலுவலக மேலாளரின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. "அப்போது எனக்கு வயது ஒன்பது" என்று அது சொன்னபோது கதவுப் பலகை கடகடத்தது. ஒன்பது வயதுப் பையனின் கதையை ஒரு லாரி சொல்வதுபோல் இருந்தது. ஒரு புள்ளி குறைத்தார். குரல் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி கூட்டினார். பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். பச்சை விழுந்து எத்தனை நேரமாயிற்றோ தெரியவில்லை.

காலை மணி ஆறே முக்கால். அலுவலகத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேலாளருக்குப் பத்து வயதாக இன்னும் இரண்டு பாகம் இருந்தது.

பரிசோதகருக்குத் தண்ணீர் மீட்டர் சோதனைக் கூடத்தில் வேலை. மீட்டரைக் குழாயில் பூட்டி, சரியாக நூறு லிட்டர் தண்ணீரை அதன் வழியே விட வேண்டும். முள் நூறைக் காட்டினால் தேறியது. இரண்டு லிட்டருக்கு மேல் முன்னே பின்னே போனால் 'தேறாது' என்று முத்திரை குத்திப் பெட்டியில் போட வேண்டும். பதினோரு வருஷமாக அவர் அதில் யாருக்கும் தயவு தாட்சண்யம் பார்த்ததில்லை. ஒருமுறை மச்சான் வீட்டு மீட்டருக்கே முத்திரை குத்திவிட்டார். மச்சான் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. அளவு தவறாக வந்தால் எடுத்த எடுப்பில் மீட்டரைக் குறை சொல்லக் கூடாது. முதலில் சோதிக்கிற கருவியைச் சந்தேகப்பட வேண்டும். தொட்டி கசிகிறதா, குழாயில் காற்றுப் புகுந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மீட்டர் பக்கம் திரும்பலாம். கருவிப் பிழை என்று அதற்குப் பெயர். பதினோரு வருஷத்தில் இது அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. அதுதான் அவருக்கு வினையாக வந்தது.

இந்தக் கூடத்துக்கு மாறி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டிலிருந்து காரில் ஒரு பக்கம் ஒன்றரை மணி நேரம். விசேஷம் என்னவென்றால், அவர் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால், இதே நிறுவனத்தின் கிளைக் கூடம் ஒன்று கண்ணுக்குத் தெரியும். நடந்து போனால் எட்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கிளையின் தொட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து மனைவி கூப்பிடும் வரை நிற்பார்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. மதியம் ஒன்றுக்குப் போனால் ஒன்பதரைக்குத் திரும்புவாள். இவர் காலை ஆறே காலுக்குக் கிளம்பி இரவு ஏழரைக்கு வருவார். ஐந்து வயது மகளை இடையில் மாமியார் பார்த்துக்கொண்டார். இவர் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். மனைவி வரும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் குடியிருக்கோம்ங்கறது அக்கம்பக்கத்துக்குத் தெரியுது. எனக்குத்தான் அடிக்கடி மறந்து போகுது" என்றாள் மனைவி ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற தெம்பும் அவளிடம் இல்லை. அது அவரை அதிகமாகச் சுட்டது. மறுநாளே அந்தக் கிளைக்கு மாற்றல் கேட்டு மனு எழுதினார்.

மேலாளர் மனுவைப் படித்துவிட்டு மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர். எல்லோரையும் தம்பி என்பார்.

"தினமும் கார்ல எவ்வளவு நேரம் ஆகுது தம்பி?"

"போக ஒன்றரை, வர ஒன்றரை சார்."

"மூணு மணி நேரமா?" என்று மேலாளர் உருகிப்போனார். பரிசோதகரும் அதை அனுதாபம் என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நகைக்கடைப் பெட்டி போல ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே ஒரு பென் டிரைவ் இருந்தது. தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே பேசிப் பதிவு செய்திருப்பதாகவும், பள்ளிப் பருவம் முடிய அறுபது பாகம் வந்திருப்பதாகவும், ஓய்வு பெறும் நாளில் வெளியிடப் போவதாகவும் சொன்னார். அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது.

"கேட்டுட்டு உள்ளதை உள்ளபடி சொல்லணும். என் முகத்துக்காகச் சொல்லாதீங்க" என்றார்.

முதல் பாகம் நாற்பத்தேழு நிமிடம். மேலாளரின் பிறப்பைப் பற்றியது. பாகம் முடிந்தபோது அவர் இன்னும் பிறந்திருக்கவில்லை. அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன வழியிலிருந்த கடைகளைத்தான் சொல்லி முடித்திருந்தார். பரிசோதகரின் கண் இரண்டு தடவை சொக்கியது. முன்னால் போன வேனில் முட்டாமல் தப்பியது அன்றைய அதிர்ஷ்டம்.

அலுவலகத்தில் கால் வைத்ததும் மேலாளர் பிடித்துக்கொண்டார். "எப்படி இருந்துச்சு தம்பி?"

தேறாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்து மனுவின் ஒரு மூலை எட்டிப் பார்த்தது.

"குரல் கொஞ்சம் அடைச்ச மாதிரி கேக்குது சார்" என்றார். பிறகு தொழில் புத்தி வாயை முந்திக்கொண்டது. "என் கார் செட்டுலதான் கோளாறுன்னு நினைக்கிறேன்."

மேலாளர் முகம் மலர்ந்தது. அப்படியானால் தம்பி இன்னும் அதை முழுசாகக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். தன் குரலுக்கே கனம்தான் உயிர் என்று சொல்லி, ஒரு துண்டுக் காகிதத்தில் 'பாஸ் ஆறு' என்று எழுதிக் கொடுத்தார். முதல் பாகத்தை மறுபடி முதலிலிருந்து கேட்கச் சொன்னார்.

பாஸ் ஆறில் கதவு கடகடத்தது, கண்ணாடி நடுங்கியது. பரிசோதகர் ஓட்டிக்கொண்டே கூட்டியும் குறைத்தும் பார்த்தார். நல்ல சத்தம் வந்துவிட்டால் ஒருவேளை கதையும் நன்றாக இருந்துவிடுமோ என்று ஒரு நப்பாசை அவருக்கு இருந்தது. ஒரு வாரம் போனதும், கனம் வந்துவிட்டது, தெளிவுதான் கொஞ்சம் போதவில்லை என்று மழுப்பினார். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் வந்தது: 'ட்ரெபிள் ஏழு'.

ட்ரெபிள் ஏழில் மேலாளரின் ஒவ்வொரு சகரமும் குக்கர் விசில் மாதிரிக் காதில் ஏறியது. பதினான்காம் பாகத்தில் அவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்தப் பாகம் முழுக்கச் சைக்கிள், சங்கிலி, சக்கரம், சறுக்கல், சாக்கடை. அலுவலகம் வந்து சேர்ந்த பரிசோதகர் நெற்றிப் பொட்டில் தைலம் தடவிக்கொண்டு சோதனை மேசையில் உட்கார்ந்தார். அன்று ஒரு நல்ல மீட்டருக்குத் தேறாது என்று குத்திவிட்டுப் பிறகு அழித்தார். அவர் வேலையில் அழித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் தெளிவு வந்துவிட்டதாகவும், ஆனால் காதுக்கு ரொம்பக் கிட்டத்தில் கேட்பதாகவும் சொல்லிப் பார்த்தார். கிட்டத்தில் கேட்டால் சத்தத்தைப் பின்பக்கம் தள்ளிவிடலாமே என்று மேலாளர் அதற்கும் வழி வைத்திருந்தார். முன் ஸ்பீக்கர் பூஜ்யம், பின் ஸ்பீக்கர் முழுசாக என்று காகிதம் வந்தது. இது பரிசோதகருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. மேலாளர் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவது போலவும், தான் டிரைவர் போலவும் ஆகிவிட்டது. டிரைவர் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில் ஏறியபோது அவர் அதை மறந்துவிட்டார். சாவியைத் திருப்பியதும் பின்சீட்டில் மாமியார் காதருகே ஓர் ஆண் குரல், "நான் நான்காம் வகுப்பில் அடியெடுத்து வைத்தபோது" என்று ஆரம்பித்தது. மாமியார் சற்று நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். நான்கு தெரு தாண்டும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, இவர் எங்கே இறங்கணும்?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் மேலாளரின் குரலிலேயே, "அப்போது எனக்கு வயது ஐந்து" என்றாள். அச்சு அசலாக இருந்தது. இத்தனைக்கும் வாரத்துக்கு ஒருநாள்தான் அவள் இதைக் கேட்கிறாள். அப்பாவாகிய தன் குரலில் ஒரு வாக்கியத்தையாவது அவள் இப்படிச் சொல்லிக் காட்டியிருக்கிறாளா என்று பரிசோதகர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "நல்லாயில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னங்க?"

"சொன்னா மனு குப்பைத்தொட்டிக்குப் போகும்."

"இப்ப மட்டும் எங்கே போயிடுச்சு?"

"குண்டுக்கு அடியில இருக்கு. இன்னும் எடுக்கலை. எடுத்தா நல்லபடியா எடுக்கணும்ல?"

அவள் குனிந்து மகளின் செருப்பைக் கழற்றினாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் முதல் வேலையாகப் பதிவேட்டுப் பிரிவு அக்காவிடம் போய் மனுவைப் பற்றி விசாரித்தார். நிறுவனத்தில் யார் எங்கே மாறினாலும் அந்த அக்கா கையால் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். குண்டு இருந்த இடத்தில் இருக்கிறது, காகிதமும் இருந்த இடத்தில் இருக்கிறது என்று அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். பரிசோதகர் மேலாளர் அறைக்குப் போனார். சொல்ல வேண்டிய சாக்கு எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. செட் பழசு, இதற்கு மேல் அதனால் முடியாது என்று மொத்தப் பழியையும் அதன் தலையில் போட்டார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தார்.

மேலாளர் விடவில்லை. அன்று மாலையே சவுண்டு மெக்கானிக் ஒருவர் வந்து அலுவலக வாசலில் காரைப் பிரித்துப் போட்டார். மேலாளர் தன் காருக்குப் புதிய செட் வாங்கியிருந்ததால், பழைய செட்டையும் ஆம்ப்ளிஃபையரையும் ஆளுயரத்தில் பாதியிருந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் அன்பளிப்பாகத் தந்துவிட்டார். பெட்டி டிக்கியை அடைத்துக்கொண்டது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னி டயர் பின்சீட்டுக்கு வந்தது. மெக்கானிக் அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டார்.

"இனிமே ஊசி விழுந்தாலும் கேக்கும் சார்" என்றார் மெக்கானிக்.

உண்மைதான். இப்போது மேலாளர் எச்சில் விழுங்குவது கேட்டது. பக்கம் புரட்டுவது கேட்டது. இருபத்தாறாம் பாகத்தில், அவர் மனைவி தூரத்திலிருந்து "இன்னுமா முடியலை?" என்று கேட்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. அதுவரை கேட்ட இருபத்தாறு பாகத்திலும் தன் மனசிலிருந்ததைச் சொன்ன ஒரே குரல் அதுதான் என்று பரிசோதகருக்குப் பட்டது. அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் காருக்குள் எட்டிப் பார்த்தார். டயர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, நான் வரலை, அது போயிட்டு வரட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி டயர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாரத்தில் அவர்கள் நிதானமாகப் பேசிக்கொள்ள இருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான்.

புதன்கிழமை மேலாளரே ஆசைப்பட்டார். தன் குரல் தம்பி காரில் எப்படிக் கேட்கிறது என்று கூடவே வந்து கேட்க வேண்டுமாம். அவருடைய கார் பின்னாலேயே வருமாம். பரிசோதகர் வீடு வரை வந்து அங்கிருந்து திரும்பிவிடுவாராம். ஒன்றரை மணி நேரம் தனியாகக் கிடைக்கும், மனுவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று பரிசோதகர் கணக்குப் போட்டார்.

பேச விட்டால்தானே. மேலாளர் ஏறி உட்கார்ந்ததும் முப்பத்தொன்றாம் பாகத்தைப் போட்டார். அவர் பள்ளி மாணவர் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற பாகம். ஒரு வாக்கியத்துக்கு பாஸ், அடுத்த வாக்கியத்துக்கு ட்ரெபிள் என்று இரண்டு கையாலும் திருகிக்கொண்டே வந்தார். "இந்த இடத்துல கவனிங்க தம்பி" என்று கியரின் மேல் இருந்த பரிசோதகரின் கையைப் பிடித்தார். கியர் போட முடியாமல் பரிசோதகர் திரும்ப வேண்டிய திருப்பத்தை விட்டார். அடுத்த திருப்பத்தில் பாலம் ஏறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கினார். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் இவர்களைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒன்றரை மணி நேரம் இரண்டேகால் ஆயிற்று. வீட்டு வாசலில் கார் நின்றபோது மேலாளரின் கண் கலங்கியிருந்தது.

"சார், அந்த மனு" என்றார் பரிசோதகர், வாயை ஒரு வழியாகத் திறந்து.

மேலாளர் அவர் தோளைத் தட்டினார். "நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான் தம்பி. உங்களுக்கு நல்லது செய்யாம நான் வேற யாருக்குச் செய்யப் போறேன்?"

அன்று பரிசோதகர் மனைவி வரும்வரை விழித்திருந்தார். அவள் கைப்பையை வைப்பதற்குள் விஷயத்தைச் சொன்னார். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் மூவரும் சேர்ந்து சாப்பிடலாம், பாப்பாவை நீங்களே பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அந்த டயரை முதலில் எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போனாள்.

காலையில் அலுவலகத்தில் மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பரிசோதகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் குண்டு நகர்ந்திருந்தது. மனு மேசை நடுவில் இருந்தது.

"மூணு தரம் படிச்சேன் தம்பி. உங்களுக்கு உலகம் தெரியலை. அந்தக் கிளை தண்ணியில்லாக் காடு. ஆகாதவனைத்தான் அங்கே அனுப்பறது வழக்கம். உங்களை அங்கே தள்ளினா என் மனசாட்சி என்னைச் சும்மா விடுமா?"

"எனக்கு வீடு பக்கம் சார். நடந்தே போயிடலாம்."

"இந்தத் தங்கமான குணம்தான் தம்பி உங்ககிட்ட" என்று சொல்லி, மேலாளர் மனுவை இரண்டாக, பிறகு நான்காகக் கிழித்தார். கிழித்ததைப் பிரியமாகக் கூடையில் போட்டார். நான் இருக்கிறவரை உங்களை யாரும் இங்கிருந்து அசைக்க முடியாது என்று வாக்குக் கொடுத்தார். இழுப்பறையைத் திறந்து இன்னொரு சின்னப் பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கல்லூரிப் பருவம். எண்பது பாகம். உங்கள் செட்டுதான் இப்போது பிரமாதமாக இருக்கிறதே என்றார்.

பரிசோதகர் வெளியே வந்தார். கால் எங்கே போகிறதென்று தெரியாமல் நடந்து பதிவேட்டுப் பிரிவு வாசலில் நின்றார். மனைவியிடம் என்ன சொல்வது, எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா தலை நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை முதல்லயே என்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா சார்? நீங்க வர்றதுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட இதே மாதிரி பெட்டி கொடுத்தார். மூணு பேரும் ரெண்டாம் பாகத்துலயே 'கேக்க முடியலை சார்'னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டாங்க. சொன்ன அன்னைக்கே ஒவ்வொருத்தரையும் கோபத்துல தூக்கியடிச்சார், உங்க வீட்டுப் பக்கத்துக் கிளைக்கு."